தமிழக முகாம்களிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் குடும்பத்தை வரவேற்பது: தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் அகதி முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு இலங்கைக்குத் திரும்பி, கொழும்பிலோ அதன் புறநகர்களிலோ குடியேறும் குடும்பங்களுக்குத் துணை நிற்க முன்வருவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. திரும்புவோரில் பெரும்பாலானோர் வடக்கு, கிழக்கிலுள்ள சொந்த ஊர்களுக்கே செல்கிறார்கள். எனினும் காணி இல்லாதவர்களும், கொழும்பில் உறவினர் உள்ளவர்களும், பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் முன்னிட்டு இங்கேயே இருக்க விரும்புபவர்களும் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளைப் பக்கங்களில் வாடகை வீடு தேடுகிறார்கள். எங்களைப் போன்ற சிறிய தொண்டு அமைப்புகளின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

புதிதாகச் சேரும் தன்னார்வலர்களிடம் மனமும் உழைப்பும் நிறைய உண்டு, வரிசைதான் பிசகுகிறது. பிள்ளையின் அடையாள அட்டைக்கு அலைந்து திரிந்த பின்னரே தந்தையின் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பது தெரியவருகிறது. ஆவணங்கள் எல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்ததில் பிள்ளைக்கு ஒரு பாடசாலை ஆண்டே போய்விடுகிறது. ஆகவே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: ஆவணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், பாடசாலையும் மருத்துவமும் அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. கீழுள்ள படிகள் இந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

1. குடும்பம் புறப்படுவதற்கு முன்னர் பேசுங்கள்

மிகப் பெரிய உதவி, குடும்பம் இந்தியாவில் இருக்கும்போதே தொலைபேசியில் செய்யப்படுவது. அங்கிருக்கும்போது ஒரு நாளில் எடுக்கக்கூடிய கடிதத்தை இங்கு வந்த பின்னர் எடுப்பதற்கு மாதங்கள் ஆகலாம். சில கடிதங்கள் கிடைக்காமலே போகலாம்.

அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இலங்கையில் வழங்கப்பட்ட பழைய ஆவணம் எதுவாவது கைவசம் இருக்கிறதா என்பதே. மங்கிப்போன அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், கடவுச்சீட்டின் ஒரு பக்கப் பிரதி, காணி உறுதி, பங்குக் கூப்பன், கோயிலிலோ தேவாலயத்திலோ பதிந்த திருமணக் குறிப்பு ஆகிய எல்லாமே பயன்படும். பலர் இவற்றைப் பழங்கடதாசி என்று எண்ணி முகாமிலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே “அம்மா, நாட்டை விட்டு வரேக்க கொண்டுவந்த கடதாசி எதுவானாலும் எறியாமல் கொண்டு வாங்கோ” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, இந்தியாவில் பெற வேண்டியவை: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணம் அங்கே நடந்திருந்தால் அதன் பதிவுச் சான்றிதழ், பாடசாலையின் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும், தடுப்பூசி அட்டை, தொடர் சிகிச்சை பெறுவோரின் மருத்துவக் குறிப்புகள், முகாமில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையின் பிரதி. மருத்துவமனையில் கொடுத்த பிறப்புச் சீட்டு போதாது. மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சிப் பதிவேட்டிலிருந்து எடுத்த, பிள்ளையின் பெயர் சேர்க்கப்பட்ட சான்றிதழே வேண்டும். பெயர் எழுதப்படாத பிறப்புச் சான்றிதழுடன் வந்து இங்கே மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் பல.

மூன்றாவது, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பை அங்கேயே பதிந்து பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வருவது, 9ஆம் படியில் சொல்லப்படும் வேலையை முழுவதுமாக மிச்சப்படுத்தும். கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கான பயண ஆவணமும் அங்குதான் வழங்கப்படுகிறது. இந்தியத் தரப்பிலிருந்து வெளியேறும் அனுமதியும் தேவை. அது கிடைப்பதற்கு முன்னர் விமானச் சீட்டு வாங்குவதோ வீட்டுச் சாமான்களை விற்பதோ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். கடவுச்சீட்டின்றிப் படகில் வெளியேறியது குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் குற்றமாகக் கருதப்படக்கூடியது. 2025 மே மாதம் திரும்பி வந்த முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இந்தக் காரணத்துக்காகக் கைது செய்யப்பட்டார். குடும்பத்தைப் பயமுறுத்துவதற்காக அல்ல, வந்திறங்கும் நாளில் அழைக்கக்கூடிய ஒரு சட்டத்தரணியின் எண்ணை முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுப்பதற்காக இதைச் சொல்கிறோம். யார் வருகிறார்கள், எந்த ஆவணத்துடன் வருகிறார்கள் என்பது அந்தச் சட்டத்தரணிக்கும் முதலே தெரிந்திருக்க வேண்டும்.

2. ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர்

பலர் சேர்ந்து உதவலாம். ஆனால் ஆவணக் கோவைக்குப் பொறுப்பானவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குடும்பத்துக்காக இருவர் இரண்டு அலுவலகங்களில் இரு வேறு எழுத்துக்கூட்டலில் விண்ணப்பம் கொடுத்துவிடுவார்கள். பொறுப்பாளர் தமிழோடு சிங்களமும் பேசக்கூடியவராக இருந்தால் நல்லது. பெண் தலைமை தாங்கும் குடும்பமானால் பொறுப்பாளரும் ஒரு பெண்ணாக இருப்பதே பொருத்தம்.

முதல் சந்திப்பில் போரைப் பற்றியோ, முகாம் வாழ்க்கையைப் பற்றியோ, இறந்தவர்களைப் பற்றியோ கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள். படிவத்துக்குத் தேவையான விபரத்தை மட்டும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். படம் எடுத்து முகநூலில் இடுவதற்கு, குடும்பம் சம்மதித்தாலும் எங்கள் அமைப்பு அனுமதிப்பதில்லை. உதவி பெறும் நிலையில் உள்ள ஒருவரால் அந்தச் சம்மதத்தைச் சுதந்திரமாக மறுக்க முடியாது.

3. வீடு: வாடகையை விட ஒப்பந்தமே முக்கியம்

உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்குவது இயல்பு. ஆனால் கொழும்பில் நிரந்தர முகவரியாகக் காட்ட எழுத்திலான வாடகை ஒப்பந்தம் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பாடசாலை விண்ணப்பம் எல்லாம் அந்த முகவரியில்தான் நிற்கின்றன. “ஒப்பந்தம் எல்லாம் எதற்கு, நம்பிக்கையில் இருங்கள்” என்று சொல்லும் வீட்டு உரிமையாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த வீடு இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

ஒப்பந்தத்தில் வயது வந்த அனைவரின் பெயரும், முற்பணத் தொகையும், அது திருப்பித் தரப்படும் முறையும் இருக்க வேண்டும். கொழும்பில் பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது வழக்கம். இதை அறியாமல் வரும் குடும்பம், கையில் இருந்த சேமிப்பு முழுவதையும் முதல் நாளே இழந்துவிடுகிறது. உங்கள் அமைப்பால் பண உதவி செய்ய முடியுமானால் மாத வாடகையைப் பகிர்வதை விட முற்பணத்தைக் கடனாகக் கொடுப்பதே பயன் தரும். வீடு விடும்போது அந்தப் பணம் திரும்பும்; அடுத்த குடும்பத்துக்கும் உதவும்.

மின்கட்டணப் பட்டியலின் பிரதி ஒன்றையும் உரிமையாளரிடம் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. முதல் வாரத்திலேயே மருத்துவம்

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அடையாள அட்டை இல்லாததைக் காரணமாகக் கொண்டு யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடானால், அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ மாநகர சபையின் தாய் சேய் நலக் கிளினிக்குக்கோ முதலில் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தர் அவர்களைப் பதிந்துகொண்டால், அதன் பின்னர் நீங்கள் நினைவூட்டாமலே தொடர் கவனிப்பு நடக்கும்.

இந்தியாவின் தடுப்பூசி அட்டவணையும் இலங்கையின் அட்டவணையும் ஒன்றல்ல. இந்திய அட்டையைக் காட்டி, எது விடுபட்டுள்ளது என்பதை அங்குள்ளவர்களே தீர்மானிக்கும்படி விடுங்கள். அட்டை தொலைந்திருந்தால் தாயின் நினைவிலிருந்து திகதிகளை ஊகித்து எழுத வேண்டாம்.

காய்ச்சல் பற்றி ஒரு முக்கியமான குறிப்பு. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்தியது. அதனால் இங்குள்ள மருத்துவர்களின் மனத்தில் காய்ச்சல் என்றதும் முதலில் எழுவது டெங்கு; மலேரியா எளிதில் நினைவுக்கு வராது. இந்தியாவிலிருந்து வந்தவருக்கு அடுத்துவரும் மாதங்களில் காய்ச்சல் கண்டால், தாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுங்கள். நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம்.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மனநலம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், கையிலுள்ள மருந்து முடியும் முன்னரே அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் வழங்கிய மருந்தின் வணிகப் பெயர் இங்கே பழக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆகவே வெறும் சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் மருந்து அட்டையையும் கொண்டு செல்லச் சொல்லுங்கள்.

5. பாடசாலை: ஆவணம் குறைந்தாலும் விண்ணப்பியுங்கள்

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். இந்தியப் பிறப்புச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இருந்தால் அவற்றுடனேயே அதிபரைச் சந்தியுங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் பின்னர் சமர்ப்பிக்கப்படும் என்று எழுத்தில் கொடுத்து, அதிபரிடமிருந்து பதிலையும் எழுத்தில் கேளுங்கள். மறுப்பு வாய்மொழியாக வந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் முறையிடுவது கடினம். கடிதம் ஒன்று கையில் இருந்தால் அங்கே பேசலாம்.

எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதில் அவசரப்படக் கூடாது. தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. இலங்கையின் ஆண்டு வேறு. அங்கு எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, வயதுப்படி இங்கு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதையும், பாடத்திட்டத்தில் எங்கு நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயப் பாடங்கள். இவற்றுள் இந்தப் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதியவை சமயமும் இலங்கை வரலாறும். 10ஆம், 11ஆம் தரங்களில் சேரும் பிள்ளைக்குக் கணிதத்துக்கு டியூஷன் தேடுவதற்கு முன்னர் வரலாற்றுக்கு ஒருவரைத் தேடுங்கள். கணிதத்தில் பிள்ளை பெரும்பாலும் தேறிவிடும்.

இரண்டாம் மொழியாகிய சிங்களத்தையும் ஆரம்பத்திலேயே தொடங்க வேண்டும். வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள் ஆரம்பத் தரங்களிலிருந்தே எழுத்தைப் பழகியவர்கள். 13 வயதுப் பிள்ளையை அரிச்சுவடியுடன் அந்த வகுப்பில் உட்கார வைத்தால் அது வாயே திறக்காது. வீட்டில் ஒரு தன்னார்வலர் தனியாகச் சொல்லிக்கொடுப்பதே நல்லது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களுடன் வருவோர் அவற்றின் சமநிலையைப் பத்தரமுல்லையிலுள்ள கல்வி, பரீட்சை அலுவலகங்களிலும், பட்டம் பெற்றோர் கொழும்பு 7, வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். முகாமில் இருந்தபடியே பொறியியலும் செவிலியர் படிப்பும் முடித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாட்சம்பள வேலைக்கு அனுப்புவதற்கு முன்னர் இந்த விண்ணப்பத்தைப் போடச் செய்வது எங்கள் கடமை.

6. கிராம உத்தியோகத்தரைச் சந்திப்பது

ஆவணச் சங்கிலியின் முதல் கண்ணி கிராம உத்தியோகத்தர். வதிவிட மற்றும் நற்சான்றுப் பத்திரம், அடையாள அட்டை விண்ணப்பம், வாக்காளர் இடாப்பு ஆகிய மூன்றும் அவர் கையெழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆகவே தேவை வந்தபின் ஓடாமல், வீட்டுக்குக் குடிவந்த உடனேயே குடும்பத் தலைவரோ தலைவியோ நேரில் சென்று அறிமுகமாக வேண்டும். வாடகை ஒப்பந்தம், பயண ஆவணம், முகாம் குடும்ப அட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள்.

இந்தச் சந்திப்பில் தன்னார்வலர் செய்யும் பொதுவான பிழை, தானே முழுவதையும் பேசிவிடுவது. உத்தியோகத்தர் தெரிந்துகொள்ள வேண்டியது குடும்பத்தைத்தான். அருகில் இருங்கள், மொழி தடைப்படும்போது மட்டும் பேசுங்கள். சில குடும்பங்களிடம் ஆதார் அட்டை இருக்கும். அதைப் பார்த்ததும் “அப்படியென்றால் இவர்கள் இந்தியர்தானே” என்ற கேள்வி எழும். ஆதார் இந்தியாவில் வசிப்பவருக்கு வழங்கப்படும் அடையாளம். அது குடியுரிமைச் சான்றல்ல என்பதைப் பணிவாக விளக்குங்கள்.

மொழி பற்றியும் தயங்க வேண்டியதில்லை. தமிழ் அரசகரும மொழி. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகள். ஏனைய இடங்களிலும் தமிழில் விண்ணப்பிக்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. தமிழ்ப் படிவம் இல்லை என்ற பதில் வந்தால் 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்தில் விசாரிக்கலாம்.

நற்சான்றுப் பத்திரம் ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும். முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு, பின்னர் காலாவதியான பத்திரத்துடன் வரிசையில் நிற்க வேண்டாம்.

7. பெரியவர்களின் பிறப்புச் சான்றிதழ்

பிள்ளைகளின் பிரஜாவுரிமை பெற்றோரிலிருந்தே வருவதால், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த படி நகராது. கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை, பிறப்பு எந்த மாவட்டத்தில் பதியப்பட்டிருந்தாலும், வேறு பிரதேச செயலகத்திலும் பெறலாம். ஆகவே மன்னாரிலோ முல்லைத்தீவிலோ பிறந்தவரை உடனே அங்கே அனுப்பிவிடாமல் முதலில் கொழும்பில் தேடிப் பாருங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோரின் முழுப்பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடுதல் விண்ணப்பம் கொடுக்கலாம்.

போரில் பதிவேடுகள் அழிந்த இடங்களும், பிறப்பே பதியப்படாதவர்களும் உண்டு. அப்போதும் தேடல் வீணாகாது. பதிவு காணப்படவில்லை என்ற எழுத்திலான பதிலே அடுத்த விண்ணப்பத்துக்கு அடிப்படை. அதனுடன் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கலாம். ஞானஸ்நானக் குறிப்பு, பாடசாலை இடாப்புப் பிரதி, மூத்த உறவினரின் சத்தியக் கடதாசி ஆகியவை துணைச் சான்றுகள். 1ஆம் படியில் பழைய கடதாசி எதையும் எறிய வேண்டாம் என்று சொன்னதன் பயன் இங்குதான் தெரியும்.

8. பெயர் வேறுபாட்டைத் தீர்த்த பின்னரே அடையாள அட்டை

வேறு எந்த இடத்தையும் விட அதிகமான விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெயர் வேறுபாட்டினால்தான். முகாம் அட்டையில் பெயரை எழுதியவர் தமிழ்நாட்டு அலுவலர். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கியிருப்பார், வயதைக் கேட்டு வருடத்தை மட்டும் குறித்திருப்பார். அதே பெயர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும், இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் நிற்கும்.

எந்தப் படிவத்தையும் நிரப்புவதற்கு முன்னர் ஒரு தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதைத் தமிழிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், பிறந்த திகதியுடன் எழுதுங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழே மூலம். மற்றவை அதற்கு இணங்க வேண்டும். வேறுபாடுகளை ஒரே சத்தியக் கடதாசியில், “இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்” என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் உறுதிப்படுத்துங்கள். அலுவலகத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கடதாசிகள் தயாரித்தால், அவற்றுக்குள்ளேயே முரண்பாடு வந்துவிடும்.

அடுத்து, நாட்டை விட்டுச் செல்லும் முன்னர் அடையாள அட்டை வைத்திருந்தவரா என்று ஒவ்வொரு பெரியவரிடமும் கேளுங்கள். வைத்திருந்தவர் தொலைந்த அட்டைக்குப் பதிலான பிரதிக்கே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவை. அவரை முதல் தடவை விண்ணப்பிப்பவராகக் காட்டினால், ஆட்பதிவுத் திணைக்களத்தின் கோவையில் பழைய பதிவு வெளிப்பட்டு, பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற நிலை வரும். பழைய இலக்கம் நினைவிருந்தால் அதிலேயே ஒரு சான்று உண்டு. ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த வருடம். அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். முகாம் அட்டையிலுள்ள பிறந்த திகதி சரியா என்பதை இதைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புதிய விண்ணப்பம் 15 வயதிலிருந்து செய்யலாம். பாடசாலையில் படிப்பவர் அதிபர் ஊடாகவும், ஏனையோர் கிராம உத்தியோகத்தர் ஊடாகவும் விண்ணப்பிக்கிறார்கள். படத்தைத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு, தொலைபேசி சிம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் இந்த அட்டையைத் தொடர்ந்தே வருகின்றன.

9. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பு ஒரு வருடத்துக்குள் பதியப்பட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்தக் காலம் நீட்டிக்கப்படலாம். முகாமில் பிறந்த பலர் இந்த ஒரு வருடத்தைத் தாண்டி, தாங்களே பெற்றோராகிவிட்ட வயதிலும் பதியப்படாமல் இருக்கிறார்கள். காலங்கடந்தது என்பதற்காக உரிமை போய்விட்டது என்று யாரும் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. விண்ணப்பிக்க வழி உண்டு, தண்டப்பணம் இருக்கலாம்.

பத்தரமுல்லை சுஹுருபாயவிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ் ஆகியவை கேட்கப்படும். ஆட்பதிவுத் திணைக்களமும் அதே கட்டடத்தில் இருப்பதால், இரண்டு வேலைகளையும் ஒரே பயணத்தில் முடிக்கத் திட்டமிடலாம். தூரத்துப் பேருந்துச் செலவு இந்தக் குடும்பங்களுக்குச் சிறிய செலவல்ல.

பெற்றோரின் திருமணம் பதியப்படாமல் இருப்பதே அடிக்கடி வரும் தடை. முன்னர் தந்தை வழியாகவே கிடைத்த வம்சாவழிப் பிரஜாவுரிமை, 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர் தாய் வழியாகவும் கிடைக்கிறது. தந்தையின் ஆவணம் இல்லை, தந்தை இல்லை, திருமணப் பதிவு இல்லை என்று திகைத்து நிற்கும் தாயிடம், உங்கள் பிரஜாவுரிமையே பிள்ளைக்கு வழி என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மூன்று நிலைமைகளில் மட்டும் நீங்களாகப் படிவம் நிரப்ப வேண்டாம்.

மலையக வம்சாவளியினர்: முகாம்களுக்குச் சென்றவர்களில் மலையகத் தமிழர் கணிசமானோர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. போரினால் இந்தியாவுக்குச் சென்றவர்களுக்கு அந்த வதிவிட நிபந்தனை தடையாகாதபடி 2009இல் திருத்தம் வந்தது. இது மேலே சொன்ன வம்சாவழி விண்ணப்பத்திலிருந்து வேறான பாதை.

இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்கள்: வாழ்க்கைத் துணைக்கு வதிவிட வீசா வேண்டும், வருகை வீசா முடிவதற்கு முன்னர் விண்ணப்பிக்க வேண்டும். வீசாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதற்காக அது முடியும் வரை விட்டுவிடக் கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவர்கள்: 1987 ஜூலை 1க்கு முன்னர் இந்தியாவில் பிறந்தவர்கள் இந்தியச் சட்டப்படி பிறப்பால் குடிமக்களாகக் கருதப்படக்கூடும். இரண்டு நாட்டுச் சட்டங்களும் சந்திக்கும் இடம் என்பதால் சட்ட ஆலோசனை இல்லாமல் எதையும் கையொப்பமிடச் செய்யாதீர்கள். புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

10. அயலும் வேலையும்

இந்தப் படிக்குக் குறித்த காலம் இல்லை. முதல் வாரத்திலிருந்தே மெல்ல நடக்க வேண்டியது. தமிழ் பேசும் அயலில் குடியேறுவதால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளின் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சாக இருக்கும். வகுப்பில் அதைக் கேலி செய்வார்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாடியில் குடியிருப்போரிடமும் கடைக்காரரிடமும் குடும்பத்தை அறிமுகப்படுத்தும்போது “அகதிகள்” என்று சொல்லாமல் பெயரையும் சொந்த ஊரையும் சொல்லுங்கள். வவுனியாவிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ வந்தவர் என்று அறிமுகமானவருக்கு அயலில் யாராவது ஒருவர் உறவு கண்டுபிடித்துவிடுவார்.

வேலை தேடும்போது முகாமில் கற்ற தொழிலிலிருந்தே தொடங்குங்கள். பெயின்ட் அடித்தல், மேசன் வேலை, தையல் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கொழும்பில் இவற்றுக்கு வேலை உண்டு. சேமலாப நிதி பற்றி வேலைக்குச் சேரும் முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள்: ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். முகாமிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் இதைச் சொல்லாமல் விடும் இடங்கள் உண்டு.

அஸ்வெசும போன்ற நலன்புரி உதவிகளுக்கு, விண்ணப்பம் கோரப்படும் காலத்தில் மட்டுமே சேர முடியும். அடையாள அட்டையும் நிலையான முகவரியும் கைவந்ததும் பிரதேச செயலகத்தில் அடுத்த விண்ணப்பக் காலத்தைக் கேட்டு வையுங்கள்.

11. கோவையைக் குடும்பத்திடம் கையளிப்பது

மூல ஆவணங்களை ஒருபோதும் அமைப்பின் அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டாம். அவை குடும்பத்திடமே இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது பிரதிகள் மட்டுமே, அதுவும் பூட்டிய அலுமாரியில். ஒவ்வொரு விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டு இலக்கம், கொடுத்த திகதி, பெற்றுக்கொண்ட உத்தியோகத்தரின் பதவி, அடுத்து விசாரிக்க வேண்டிய திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் வீட்டிலுள்ள ஒருவரே எழுதப் பழக்குங்கள். பெரும்பாலும் மூத்த மகளோ மகனோ இதை விரைவில் பிடித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் நீங்கள் பேச அவர்கள் கேட்பார்கள்; பின்னர் அவர்கள் பேச நீங்கள் அருகில் இருப்பீர்கள்; அதன் பின்னர் அவர்கள் தனியாகச் சென்றுவந்து உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுவார்கள்.

குடும்பத்தின் கோவையை எங்கள் அமைப்பு மூடுவதற்கு முன்னர் நான்கு விடயங்களைச் சரிபார்க்கிறோம்: வயது வந்த அனைவரிடமும் அடையாள அட்டை உண்டா, இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்ததா, பாடசாலை வயதில் உள்ள ஒவ்வொருவரும் ஒழுங்காகப் பாடசாலைக்குப் போகிறார்களா, வாக்காளர் இடாப்பில் பெயர்கள் ஏறியுள்ளனவா. இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் கோவை திறந்தே இருக்கும். பொறுப்பாளர் மாறினால், புதியவர் அந்தக் கொப்பியை வீட்டிலேயே உட்கார்ந்து குடும்பத்துடன் வாசித்துவிட்டுத்தான் வேலையைப் பொறுப்பேற்க வேண்டும்.